சாலவாக்கத்துக்கு ஒரு கம்பெனி வேண்டும்

இல்லாத கட்டடத்தை இருக்கிற நிலத்தில் நிறுத்திக் காட்டுவதுதான் என் தொழில்.

மாவட்டத்துக்குத் தொழில் கொண்டுவருவதற்கென்று காஞ்சிபுரத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன ஆபீஸ். புதிதாகக் கம்பெனி போட இடம் தேடி வருகிறவர்களைக் காரில் ஏற்றி, உத்திரமேரூர்ப் பக்கத்து நிலங்களைக் காட்டுவோம். "சார், கேட் இங்கே வரும். கேன்டீன் அங்கே வரும்" என்று வெறும் காற்றில் கையை வீசுவேன். வீசி வீசி எனக்கே அவை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டன. சாயங்காலம் பைக்கில் வீடு திரும்பும்போது, யாரும் வாங்காமல் போன பொட்டல்களில் நான் கட்டிய கம்பெனிகளெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும். எங்கள் வகையறாவில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. பாட்டன் காலத்திலிருந்து அடுத்தவர் கழனியில் கூலிதான். எனக்கு மட்டும் காட்டுவதற்கு ஏக்கர் கணக்கில் நிலம்.

இதில் எனக்கு ஒரு சுயநலம் உண்டு. என் மனைவி எஸ்தர், ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். விடியுமுன்னே கம்பெனி பஸ் ஏறினால் இருட்டின பிறகுதான் சாலவாக்கத்தில் வந்து இறங்குவாள். ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கியதில் நெற்றியில் ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கம்பெனி வந்துவிட்டால் போதும், சைக்கிளில் போய் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கே வந்துவிடுவாள். ஊர் முன்னேற்றம், மாவட்ட வளர்ச்சி என்று ஆபீஸில் பேசுவதெல்லாம் பேச்சு. என் கணக்கு அந்த ஒரு கோடுதான்.

சொந்த ஊரை வெளியூர்க்காரர் கண்ணுக்கு அழகாகக் காட்டப் போய் மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். பெண் பார்க்க வருகிறார்கள் என்று அவசரமாக வீட்டை ஒழித்து, பழைய பாயைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவர்கள் எல்லாரும் என் கட்சி. வாருங்கள், சேர்ந்தே அழுவோம்.

கடல் எந்தப் பக்கம்?

எங்கள் மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தபோது கடல் முழுக்கச் செங்கல்பட்டுக்காரர்கள் பக்கம் போய்விட்டது. எங்களுக்கு ஏரிகள் மிச்சம். ஆனால் எங்கள் ஆபீஸின் விளம்பரப் புத்தகம் அதற்கு முன்பே அச்சடித்தது. அட்டையில் நீலமாக அலை அடிக்கும். "கட்டுக்கட்டா கிடக்குது, இது தீரட்டும், அப்புறம் புதுசு போடலாம்" என்று மேலாளர் சாந்தி மேடம் சொல்லிவிட்டார். அது தீருகிற வழியாக இல்லை.

அந்த அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே நாகர்கோவில் பக்கமிருந்து ஒரு மீன்வலைக் கம்பெனிக்காரர் வந்து இறங்கினார். "கடல் எந்தப் பக்கம் தம்பி?" என்றார். என்ன சொல்வது? மழை முடிந்த சமயம். வேறு வழி தெரியாமல் அவரை உத்திரமேரூர் ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஏரி கரை முட்ட நிரம்பிக் கிடந்தது. எதிர்க்கரை பனியில் கரைந்து போயிருந்தது. காற்றுக்குச் சின்னச் சின்ன அலை எழுந்து கரைக்கல்லில் வந்து தட்டிக்கொண்டிருந்தது. அவர் அட்டையையும் ஏரியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நானும் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பனிக்குள் ஒரு கப்பல் நிற்பதுபோலக்கூட எனக்குத் தோன்றியது.

பிறகு அவர் படியிறங்கி, குனிந்து, தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பைத் தவிர எல்லாம் இருக்கு தம்பி. ஆர்டர் குடுத்தா அதையும் நீங்களே போட்டுக் குடுத்துடுவீங்க போல."

ஏரிக்குள் ஒரு கேட்

கம்பெனிக்காரர்கள் நிலம் பார்க்க வருவது எப்போதும் கோடையில்தான். சகதி இருக்காது, ஷூ கெடாது. அதுதான் வினை. ஒரு சென்னை மேனேஜருக்கு நான் மூன்று நான்கு இடம் காட்டியும் மனசு ஒட்டவில்லை. திரும்பும் வழியில் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினார். எங்கள் டிரைவர் முனுசாமி அண்ணன் பிரேக் போட்டார். மேனேஜர் ரோட்டோரப் பொட்டலுக்குள் ஓடிப்போய் நடுவில் நின்று கையை விரித்தார். "மேடு பள்ளம் இல்ல. வீடு இல்ல. மரம் இல்ல. இவ்வளவு நல்ல இடத்தை ஏன்யா மறைச்சீங்க?"

"சார், இது ஏரி" என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வெடித்துக் கிடந்த மண், தூரத்தில் நாலு ஆடு, மதகு ஓரம் ஒரு அறுந்த செருப்பு. ஏரிக்கு அடையாளமாக அந்த மதகைத் தவிர எதையும் என்னால் காட்ட முடியவில்லை. அதற்குள் அவர் ஒரு குச்சியை எடுத்துத் தரையில் கேட்டைக் கீறிவிட்டார். பிறகு பார்க்கிங். பிறகு கேன்டீன். கானல் ஆடுகிற அந்த வெயிலில் நானும் அவர் கீறிய கேட் வழியாக உள்ளே போய்விட்டேன். சங்கு ஊதியது. டிபன் டப்பாவோடு எஸ்தர் வெளியே வந்தாள். நெற்றியில் கோடு இல்லை.

முனுசாமி அண்ணன் ஹாரன் அடித்த பிறகுதான் எனக்கு நினைவு திரும்பியது. "மழை வந்தால் கழுத்தளவு தண்ணி நிற்கும் சார்" என்று மதகைக் காட்டி விளக்கினேன். மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். "வருஷத்துல கொஞ்ச நாள்தானேய்யா? அந்த நாளுக்கு எல்லாருக்கும் லீவு விட்டுடலாம்."

பாட்டு உண்டா?

நிலத்தைப் போலவே ஆளையும் பார்ப்பார்கள். வேலைக்கு உள்ளூர்ப் பெண்கள் கிடைப்பார்களா என்று விசாரிக்க ஒரு கம்பெனியிலிருந்து சின்ன வயசுப் பெண் அதிகாரி ஒருவர் வந்தார். நல்ல பெண். வரப்பில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். எங்கள் தெருவைச் சேர்ந்த கன்னியம்மா அக்காவும் அவர் கூட்டமும் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையாகக் குனிந்த முதுகுகள், நடுவில் பாட்டு. கம்பெனி வந்தால் வேலைக்கு வருவீர்களா என்று அதிகாரி கேட்டார். வருவோம் என்றார்கள். சம்பளம், பஸ், சாப்பாடு எல்லாம் சொன்னார். தலையாட்டினார்கள். வேலை நேரத்தில் பேசக்கூடாது, போன் கூடாது என்றார். அதற்கும் தலையாட்டினார்கள்.

"பாட்டு?" என்றார் கன்னியம்மா அக்கா. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். "அதுவும் கூடாதும்மா, கவனம் சிதறும்" என்றார் அவர், வருத்தமாகவே. கழனி முழுக்க ஒரே சிரிப்பு. ஒரு கைகூட நிற்கவில்லை. கன்னியம்மா அக்கா குனிந்தபடியே சொன்னார்: "இன்னாமா சொல்றே? வாய மூடிக்கினா கை எப்படி ஓடும்? பாட்டு நின்னுச்சினா நாத்தே கோணிக்கினு பூடும்."

வேப்பமரத்தடியில்

ஒரு பைப் கம்பெனி முதலாளி, கூடவே வாஸ்து பார்க்கிறவரையும் அழைத்து வந்தார். சாலவாக்கத்துக்கு மிக அருகில் ஒரு மனை. எஸ்தருக்கு இது நடந்தே போகிற தூரம். வாஸ்துக்காரர் திசை பார்த்தார், மண்ணை முகர்ந்தார். எல்லாம் சரி, கடைசியாக ஒன்று பாக்கி என்றார். "ஓனர் இந்த மண்ணுல ஒரு மத்தியானம் படுத்துத் தூங்கணும். நல்ல கனவு வந்தா எடுக்கலாம்."

முதலாளியின் இரண்டு போனையும் வாங்கி நான் பையில் வைத்துக்கொண்டேன். வேப்பமரத்தடியில் காரிலிருந்து ஒரு துண்டை விரித்துப் போட்டோம். நல்ல கனவு வரவேண்டுமே என்று நான் வேண்டாத சாமியில்லை. எங்கள் வீட்டில் ஏசுவுக்கு மட்டும்தான் படம். இருந்தாலும் அன்றைக்கு வழியில் தெரிந்த அம்மன் கோயில் கோபுரத்துக்கும் ஒரு வார்த்தை போட்டு வைத்தேன். காற்று வந்தது. வேப்பம்பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. முதலாளி குறட்டை விட்டார். வாஸ்துக்காரர் உட்கார்ந்தபடியே சாய்ந்தார். முனுசாமி அண்ணன் காருக்குள், கதவுக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு. மிச்சம் இருந்தது நான். நானும் எப்போது கண்ணயர்ந்தேன் என்று தெரியாது. பையில் போன்கள் அடித்து அடித்து ஓய்ந்திருக்கின்றன, யாருக்கும் கேட்கவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு முதலாளி எழுந்து உட்கார்ந்தார். தலையில் வேப்பம்பூ. முகம் வேறு யாருடைய முகம்போலவோ தெளிந்திருந்தது. "என்ன கனவு வந்தது?" என்று வாஸ்துக்காரர் ஆவலாகக் கேட்டார். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "ஒண்ணும் வரல. இப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு. இங்க போய் மெஷினைப் போட்டுக் கெடுக்கணுமா? வேணாம், விட்டுடுங்க."

பொம்மைக்காரர்

கடைசியில் வந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். துணிப் பொம்மை தைக்கிற கம்பெனி. பையிலிருந்து பஞ்சு அடைக்காத கரடி ஒன்றை எடுத்துக் காட்டினார். தொளதொளவென்று பாவமாக இருந்தது. அவருக்கு நிலம் வேண்டாம், கூரை போதும். எனக்கு உடனே சாலவாக்கம் போகும் வழியில் மூடிக்கிடந்த பழைய ரைஸ் மில் நினைவு வந்தது. கதவைத் திறந்தோம். கூரை ஓட்டை வழியாக வெயில் தூண் தூணாக இறங்கி நின்றது. அதற்குள் பழைய தவிட்டுத் தூசி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு இடம் பிடித்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் தெரியாத ஊர் என்று ஒரு தயக்கம்.

தயங்குகிறவர்களை நான் உத்திரமேரூர்க் கல்வெட்டுக் கோயிலுக்குக் கூட்டிப் போவது வழக்கம். "சோழர் காலத்திலேயே ஓலையில் பெயரை எழுதி, குடத்தில் போட்டு, குலுக்கி எடுத்து ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த ஊர் சார் இது. கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது. அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது" என்று சுவரைத் தடவித் தடவிச் சொல்வேன். சொந்த நிலம் உள்ளவன் பெயரை மட்டும்தான் ஓலையில் எழுதலாம் என்றும் அதே சுவரில் இருக்கிறது. அதாவது என் பாட்டனின் பாட்டன் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. அதை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. வியாபாரம் பாருங்கள்.

பொம்மைக்காரர் சுவர் முழுவதையும் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். கரடியைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். "குடத்துல கைய விட்டு நியாயம் பார்த்த ஊருங்களா? அப்ப நமக்குத் தோதாத்தானுங்க இருக்கும். வந்துடறேனுங்க."

பச்சைக் குடம்

மில்லுக்கு வெள்ளையடித்தார்கள். தையல் மெஷின்கள் வந்து இறங்கின. மெஷின்களைவிடப் பெண்கள் அதிகமாக வந்து நின்றார்கள். யாரை எடுப்பது, யாரை விடுவது? பொம்மைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அதான் உங்க ஊர் வழக்கமே இருக்குதுங்களே. அவங்கவங்க பேரை எழுதிக் குடத்துல போடட்டுங்க." நான் விட்ட பெருமை சுற்றிக்கொண்டு வந்து என் தலையிலேயே விழுந்தது. சேதியை எஸ்தரிடம் சொன்னேன். "ஆவட்டும் மாமா" என்றாள்.

சீட்டு எடுக்கிற அன்று அவளுக்கு வேலை நாள். சீட்டைப் பக்கத்து வீட்டு மேரியிடம் கொடுத்தனுப்பியிருப்பாள் என்று இருந்துவிட்டேன். கன்னியம்மா அக்கா தன் வீட்டுப் பச்சைப் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துத் துடைத்துக் கொண்டுவந்தார். மில் வாசலில் எல்லாரும் துவைத்த புடவையில் நின்றார்கள். பொம்மைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாக எடுக்க, நான் வாசித்தேன். பெயர் வந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்கள். பாட்டனுக்குக் கிடைக்காத குடத்தில் எங்கள் தெருப் பெண்களின் பெயர் கிடந்து குலுங்குகிறதே என்று ஒவ்வொரு பெயரையும் கொஞ்சம் உரக்கவே வாசித்தேன். கன்னியம்மா அக்கா பெயர் வந்தது. மேரி பெயர் வந்தது. மெஷின்கள் தீர்ந்துவிட்டன. எஸ்தர் பெயர் வரவில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொம்மைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க வீட்டம்மாவுக்கு ஒரு மெஷின் சேர்த்துப் போட்டுடறேனுங்க. வெளிய தெரிய வேண்டாம்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வேண்டாம் என்று சொல்லாமலே கும்பிட்டுவிட்டு வந்தேன். காரில் ஏறியதும் முனுசாமி அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவர் போட்ட சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். "சொந்தக்காரனுக்கு எடமில்லன்னு அந்தச் செவுத்தத் தடவித் தடவி நீதானே தம்பி ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு கீறே?"

ஜன்னலோரம்

அன்றைக்கு நான் பஸ் நிறுத்தத்திலேயே காத்திருந்தேன். கம்பெனி பஸ் வந்தது. அரைத்தூக்கத்தில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக எஸ்தர், நெற்றியில் அதே கோடு. பைக்கை எடுக்காமல் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டினேன். குடத்தில் பெயர் வராதது, தனி மெஷின், முனுசாமி அண்ணன் சொன்னது, ஊர் என்ன பேசும் என்கிற பயம், இருந்தாலும் அவள் சரி என்றால் நான் யார் ஏச்சையும் கேட்கத் தயார் என்பது.

அவள் சிரித்தாள். "நான் சீட்டே போடல மாமா." எனக்குப் புரியவில்லை. "காலைல எந்திரிச்சா தண்ணி, சோறு, புள்ளைங்க, உங்க அம்மாவுக்கு மாத்திரை. கம்பெனில நின்னுக்கினே வேலை. வூட்டுக்கு வந்தா மறுபடியும் அடுப்பு. பஸ்ல ஏறி ஜன்னலாண்ட குந்தினாதான் எனக்குக் கண்ணு மூடுது. வாலாஜாபாத் தாண்டினா கனவுகூட வருது. கம்பெனி பக்கத்துல வந்துட்டா நான் எங்க போய்த் தூங்கறது?" என்ன கனவு என்று கேட்டேன். "தண்ணி. ஏரி மாதிரி. பஸ்ஸு தண்ணி மேலயே போய்க்கினு கீது. ஸ்டாப்பிங்கே வரல."

இத்தனை நாளும் நான் காற்றில் கட்டிய கம்பெனிகள் எல்லாம் அந்த ரோட்டோரத்தில் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்துக்கொண்டன. எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்காக என்றுதான் இவ்வளவும் செய்தேன். அவளுடைய தூக்கத்தைப் பறிக்கத்தான் அத்தனை பேரை அழைத்து வந்திருக்கிறேன். அவள் பைக்கில் ஏறி என் தோளில் கையை வைத்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "வர்ற கம்பெனிக்காரனையெல்லாம் உங்களுக்கு இன்னா வசதி வேணும்னு கேக்கறியே. என்னை ஒரு தபா கேட்டியா மாமா?"

ஞாயிற்றுக்கிழமை

தனி மெஷின் வேண்டாம் என்று பொம்மைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை நானே எழுந்து தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, பிள்ளைகளைச் சர்ச்சுக்கும் அங்கிருந்து ஏரிக்கரைக்கும் கூட்டிப்போனேன். வீட்டில் ஒரு சத்தம் கூடாது, எஸ்தர் தூங்கட்டும் என்று அம்மாவிடம் கட்டளை. தண்ணீர் குறைந்து கரையோரம் புல் முளைத்திருந்தது. பிள்ளைகள் கல்லெறிந்து விளையாடினார்கள். அந்தப் பக்கம் எந்தக் கட்டடத்தையும் நான் கட்டவில்லை. சும்மா உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறித் திரும்பினால், எஸ்தர் ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டு, கம்பியில் நெற்றியைச் சாய்த்தபடி கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருந்தாள். தூங்கவில்லையா என்றேன். அவள் முகத்தில் நிஜமான கவலை. "வூடு ஆடவே மாட்டேங்குது மாமா. எப்படித் தூங்கறது?"

ஆக, ஒரு மாவட்டத்துக்கே தொழில் கொண்டுவரப் புறப்பட்ட நான் இதுவரை கற்றுக்கொண்டது, என் மனைவியின் கம்பெனி இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதை மட்டும்தான்.